ஃபான்ட் புக்ல மஞ்சள் முக்கோணம்: போடலாமா, வேண்டாமா?

பத்திரிகைக்காரி · திங்கள், காலை 10:40

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசில ஒரு சின்ன பிரஸ்ல டிசைன் பண்ணுறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலின்னு ஓடிட்டிருக்கும். பதினஞ்சு வருஷமா விண்டோஸ்ல பேஜ்மேக்கர்தான். இப்பத்தான் முதலாளி செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஐமேக் எடுத்துப் போட்டிருக்கார். மேக்ஓஎஸ் மான்டெரே ஓடுது, பக்கம் வடிவமைக்க இன்டிசைன் இருக்கு.

பழைய சிஸ்டத்துல இருந்த தமிழ் ஃபான்ட் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தாங்க. 212 ஃபைல். மொத்தமா செலக்ட் பண்ணித் திறந்தா, மேக்ல ஃபான்ட் போடுற ஃபான்ட் புக்ங்கிற ஆப் பெரிய லிஸ்ட்டை நீட்டுது. பாதிக்கு மேல மஞ்சள் முக்கோணம், 'சின்னப் பிரச்சினை இருக்கு, பாத்துப் போ'ங்கிற மாதிரி. மூணுக்கு சிவப்பு, 'பெரிய தப்பு இருக்கு, பயன்படுத்தாதே'ன்னு. அவசரத்துல மஞ்சளையெல்லாம் டிக் பண்ணிப் போட்டுட்டேன். சிவப்பை மட்டும் தொடல.

அதுல இருந்து ரெண்டு தொல்லை. ஒரு பத்திரிகைல தலைப்புல 'ஸ்ரீ' நல்லா வருது, அதே பக்கத்துல கீழ அதே ஃபான்ட்ல இன்னொரு 'ஸ்ரீ' கட்டம் கட்டமா வருது. அடுத்து, ஒரு ஃபான்ட்ல போல்டு போட்டா போல்டே ஆகல. வியாழக்கிழமை அச்சுக்கு பிளேட் எடுக்கப் போகணும். மஞ்சள்ல இருக்கிறதையெல்லாம் தூக்கிரவா?


ஒத்தையடிப்பாதை · திங்கள், காலை 11:05

மஞ்சளைப் பாத்தெல்லாம் பயப்படாதீங்க மேடம். பத்து வருஷமா மேக்ல வேலை பாக்குறேன். தமிழ் ஃபான்ட்ன்னாலே அது மஞ்சள் காட்டும். நம்மாளுங்க வீட்ல உக்காந்து பண்ணின ஃபான்ட், வெள்ளைக்காரன் வச்ச பரீட்சைல நூத்துக்கு நூறு வாங்குமா? கண்ணை மூடிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க.


எழுத்தாணி · திங்கள், காலை 11:48

கண்ணை மூடிக்கொண்டு போட்டதால்தான் அவருக்கு இந்த நிலை.

அம்மா, நான் எழுத்துரு செய்கிறவன். மஞ்சள் முக்கோணம் என்பது ஒரு எச்சரிக்கை இல்லை, ஏழெட்டு விதமான எச்சரிக்கைகளுக்கு ஒரே படம். ஒரு டிடிஎஃப் ஃபைலை நூறு அறை உள்ள வீடாக நினைக்காதீர்கள். பத்துப் பதினைந்து பெட்டி உள்ள பீரோவாக நினையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் உண்டு, அதைத்தான் டேபிள் என்கிறோம். எழுத்தின் வடிவம் ஒரு பெட்டியில் (கிளிஃப்), எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்ற அட்டவணை ஒரு பெட்டியில் (சிமேப்), ஃபான்டின் பெயர்கள் ஒரு பெட்டியில் (நேம்), எழுத்துக்கு இடையே இடைவெளியை நெருக்குவது ஒரு பெட்டியில் (கெர்ன்). ஃபான்ட் புக் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, எதில் ஒழுங்கு இல்லையோ அதைச் சொல்கிறது.

அந்த லிஸ்டில் ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அமுக்கினால் எந்தப் பெட்டி என்று விரியும். லிஸ்ட்டை மூடிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. ஃபான்ட் புக்கில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'வேலிடேட் ஃபான்ட்' கொடுத்தால் மறுபடி வரும். பார்த்து எழுதுங்கள், பிறகு பேசலாம். எதையும் இப்போது அழிக்க வேண்டாம்.


தெப்பக்குளம் · திங்கள், மதியம் 12:20

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். எனக்கும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனா விண்டோஸ் 10. இங்க மஞ்சள் சிவப்பெல்லாம் கிடையாது. எந்த ஃபான்டைப் போட்டாலும் 'இது சரியான ஃபான்ட் ஃபைல் இல்லை'ன்னு ஒரே அடியா சொல்லுது. நேத்து வரைக்கும் வேற கம்ப்யூட்டர்ல இதே ஃபைல் ஓடிட்டிருந்துச்சு. கூகுள் ஃபான்ட்ஸ்ல இருந்து புதுசா இறக்கின ஹிந்த் மதுரை, காட்டமரான் ரெண்டுமே இதே பாட்டுத்தான். நான் அட்மின்தான், ஜிப்பை வெளிய எடுத்து விரிச்சுட்டுத்தான் போடுறேன். என்ன செய்ய?


பத்திரிகைக்காரி · திங்கள், மாலை 4:15

எழுத்தாணி சார், நீங்க சொன்ன மாதிரி விரிச்சுப் பாத்தேன். நோட்டுல கணக்கெடுத்தேன், கண்ணு பூத்துப் போச்சு.

நேம் டேபிள்னு வந்தது 61. கெர்ன்னு வந்தது 34. போஸ்ட்ன்னு ஒண்ணு, அது 9. 'டூப்ளிகேட்'னு தனியா 14. சிலதுக்கு ரெண்டு மூணு சேர்ந்து வருது. சிவப்பு மூணும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமாத் திட்டுது, அது எனக்குப் புரியல.

தெப்பக்குளம் அண்ணன் பிரச்சினைக்கும் யாராச்சும் பதில் சொல்லுங்க, பாவம்.


எழுத்தாணி · திங்கள், இரவு 9:30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

கெர்ன் 34: மறந்துவிடுங்கள். பழைய ஃபான்ட் எடிட்டர்கள் எழுதிய கெர்ன் டேபிள்களில் கணக்கு ஒன்றிரண்டு பிசகியிருக்கும். தமிழுக்கு அந்தப் பெட்டி தேவைப்படுவதே அரிது. மோசமாகப் போனால் இரண்டு எழுத்துக்கு இடையே இடைவெளி கொஞ்சம் முன்பின் இருக்கும், அவ்வளவே.

போஸ்ட் 9: அதில் ஒவ்வொரு வடிவத்துக்கும் உள்ளே வைக்கும் பெயர்கள் இருக்கும். பெயரில் இடைவெளி, ஒரே பெயர் இரண்டு வடிவத்துக்கு, இப்படி ஏதாவது இருந்தால் மஞ்சள். அச்சில் தெரியாது.

நேம் 61: இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு எழுத்துருவுக்கு உள்ளே ஒரு பெயர் இல்லை, பல பெயர்கள். மெனுவில் நீங்கள் பார்ப்பது குடும்பப் பெயர், அது 1ஆம் எண். ரெகுலர், போல்டு என்பது 2ஆம் எண். முழுப் பெயர் 4ஆம் எண். 6ஆம் எண் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர். நீங்கள் கண்ணால் பார்க்காத இந்த 6ஆம் எண்ணை வைத்துத்தான் பல மென்பொருள்கள் ஃபான்டை அடையாளம் காண்கின்றன, பிடிஎஃப்புக்குள்ளும் அதுதான் போகிறது. அதற்குச் சட்டம் உண்டு: 63 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, நடுவே இடைவெளி கூடாது, அடைப்புக்குறி, சாய்கோடு, சதவீதக் குறி கூடாது, ஆங்கில எழுத்து வரிசைக்கு வெளியே எதுவும் கூடாது. நம் ஆட்கள் ஆசையாக, சொந்தப் பெயரையும் பையன் பெயரையும் இடைவெளி விட்டு அதில் எழுதியிருப்பார்கள். இடைவெளி இருந்தாலே மஞ்சள்தான். பெரும்பாலும் வேலை செய்யும். 61இல் ஐம்பதாவது இந்த ரகமாகத்தான் இருக்கும்.

டூப்ளிகேட் 14: உங்கள் வில்லன் இங்கே. ஒரே பெயரில் இரண்டு பேருக்கு ரேஷன் கார்டு இருந்தால் கடைக்காரர் யாருக்கு அரிசி போடுவார்? முதலில் வந்து நின்றவருக்கு. மேக்கில் அந்த 'முதலில்' என்பது எந்த ஃபோல்டர் என்பதைப் பொறுத்தது. உங்கள் யூசர் கணக்குக்குள் இருக்கும் லைப்ரரியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முதலில், கம்ப்யூட்டருக்குப் பொதுவான லைப்ரரியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் அடுத்து, சிஸ்டத்துக்கு உள்ளே இருப்பது கடைசியில். ஏற்கெனவே அந்த ஐமேக்கை வைத்திருந்தவர் பொது ஃபோல்டரில் தமிழ் எழுத்துருக்கள் போட்டு வைத்திருந்தால், நீங்கள் பென்டிரைவிலிருந்து போட்டது அதற்கு மேல் போய் உட்கார்ந்திருக்கும். எது புதிய பதிப்பு என்று கணினி பார்ப்பதில்லை.

இப்போது 'ஸ்ரீ'க்கு வருகிறேன். மேலே உள்ள ஸ்ரீயை நீங்கள் கையால் அடித்தீர்கள், கீழே உள்ளது வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பியதை ஒட்டியது. சரியா?


பத்திரிகைக்காரி · திங்கள், இரவு 9:52

சார்!! எப்படி சார்? ஆமா, மாப்பிள்ளை வீட்டு அட்ரஸ் மொத்தமும் வாட்ஸ்அப்ல வந்தது.


எழுத்தாணி · திங்கள், இரவு 10:20

ஜோசியம் இல்லை அம்மா. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, நமக்குப் பழகிய ஸ், அதோடு ரீ. இன்னொன்று, ஶ் என்ற எழுத்தோடு ரீ. இந்த ஶ யூனிகோடுக்குள் வந்தது 4.1 பதிப்பில், 2005இல். அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அந்த எழுத்தே இருக்காது. ஸ்+ரீ என்று வந்தால் சேர்த்து ஸ்ரீ வடிவம் போடு என்ற விதி மட்டும் இருக்கும். உங்கள் விசைப்பலகை முதல் வகையை அடித்தது, நன்றாக வந்தது. அவருடைய ஃபோன் இரண்டாவது வகையை அனுப்பியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பழைய எழுத்துருவுக்கு இரண்டாவது அந்நியம். அதனால் கட்டம்.

அந்த ஃபான்ட் பெயர் டூப்ளிகேட் 14இல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொது ஃபோல்டரில் உள்ளது புதிய பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.


முற்றத்துவேம்பு · செவ்வாய், காலை 6:10

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எழுத்தாணி அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஒரு விசயம் சேர்க்க வேணும். இஞ்ச நாங்கள் இன்னும் கன இடங்களில பாமினி எண்ட பழைய எழுத்துருதான் பாவிக்கிறம். நேற்று இந்த இழையைப் பாத்திட்டு என்ர மக்புக்கில பாமினியைச் சோதிச்சுப் பாத்தன். ஒரு மஞ்சளும் இல்லை. சுத்தமாப் பாஸ்.

ஆனா அதுக்குள்ள என்ன கிடக்கு? ஆங்கில ஜே இருக்க வேண்டிய இடத்தில 'த' கிடக்கு, கே இருக்கிற இடத்தில 'ம', பீ இருக்கிற இடத்தில இகர விசிறி, ஓவில 'ழ', அரைப்புள்ளியில குற்று. ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி எண்டு வரிசையா அடிச்சா 'தமிழ்' எண்டு வரும். கணினிக்கு அது இப்பவும் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துருவை மாத்தினாக் குப்பை. சோதனை பெட்டியின்ர ஒழுங்கைத்தான் பாக்குது, பெட்டிக்குள்ள உப்பு இருக்கோ சீனி இருக்கோ எண்டு பாக்காது. அக்கா, உங்கட 212இல எத்தினை யூனிகோட், எத்தினை பழைய குறியீடு எண்டு பிரிச்சீங்களோ?


பத்திரிகைக்காரி · செவ்வாய், காலை 9:35

பிரிக்கல தம்பி. அதுதான் இன்னிக்கு வேலை. பேஜ்மேக்கர்ல யூனிகோடே ஓடாதுல்ல, அதனால முக்கால்வாசி பழசாத்தான் இருக்கும். டாம், டாப், டிஸ்கின்னு பழைய தமிழ்க் குறியீடுகள், அப்புறம் கடைக்காரங்க அவங்க இஷ்டத்துக்குப் பண்ணினதுன்னு கலந்து கிடக்கு.


எழுத்தாணி · செவ்வாய், காலை 10:05

வேம்பு சொன்னது மிக முக்கியம். கூடவே ஒன்று: 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. அரசு இலவசமாகக் கொடுத்த எழுத்துருக்களில் இரண்டு வகையும் உண்டு, வடிவம் ஒன்றுபோல இருக்கும். டேஸ்16 வகையில் எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் இஷ்டத்துக்கு எழுத்து வைக்க விட்ட இடத்தில், உட்கார்ந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து யூனிகோடு கீபோர்டில் அடித்தால் வேறு ஏதோ ஃபான்டில் எழுத்து வரும், அல்லது கட்டம் வரும். 'ஃபான்ட் கெட்டுப்போச்சு' என்று எனக்கு வரும் புகார்களில் பாதி இது. ஃபான்டில் குறை ஒன்றும் இல்லை.

பிரிக்கச் சுலப வழி: ஃபான்ட் புக்கில் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, பிரிவியூவில் கஸ்டம் கொடுத்து, உங்கள் யூனிகோடு கீபோர்டில் 'கொழுக்கட்டை ஸ்ரீ' என்று அடியுங்கள். அதே முகத்தில் வந்தால் யூனிகோடு. மேக்கின் சொந்த தமிழ் எழுத்தில் வந்தால் பழைய குறியீடு. கொழுக்கட்டை எதற்கு என்றால், கொம்பும் காலும் பிரிந்து இரண்டு பக்கமும் சரியாக நிற்கிறதா, ழு சேர்கிறதா என்று ஒரே சொல்லில் தெரிந்துவிடும். எங்கள் பட்டறையில் இருபது வருடமாக கொழுக்கட்டைதான் சோதனைச் சொல்.


ஒத்தையடிப்பாதை · செவ்வாய், காலை 10:40

கொழுக்கட்டை நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறேன், பாதி. கெர்ன், போஸ்ட், நேம் மூணுலயும் கண்ணை மூடிட்டுப் போடலாம்னுதானே நீங்களும் சொல்றீங்க? 14 டூப்ளிகேட்டை மட்டும்தானே நான் பாக்காம விட்டேன்.


நள்ளிரவுரோந்து · செவ்வாய், காலை 11:15

பாதுகாப்புத் துறைல வேலை பாக்குறவன், ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். எங்கிருந்து வந்த ஃபைல்னு தெரியாட்டி கண்ணை மூடாதீங்க. 2011ல டுக்கூன்னு ஒரு மால்வேர் வந்துச்சு. வேர்டு ஃபைலுக்குள்ள வேணும்னே சிதைச்ச ஒரு ட்ரூடைப் ஃபான்டை வச்சு அனுப்பினாங்க. அந்தக் காலத்துல விண்டோஸ் ஃபான்டைப் பிரிச்சுப் படிக்கிற வேலையை கெர்னல்ல, அதாவது சிஸ்டத்தோட கருவறைல வச்சே பண்ணிட்டிருந்துச்சு. அதனால ஃபைலைத் திறந்தாலே உள்ள புகுந்துரும். விண்டோஸ் 10ல அந்த வேலையைத் தனி அறைக்கு மாத்திட்டாங்க. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் வெப்ல வர்ற ஃபான்டை முதல்ல ஒரு சல்லடைல சலிச்சுட்டுத்தான் காட்டும். அதனால கெர்ன் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், சிவப்பைச் சீண்ட வேண்டாம்.


எழுத்தாணி · செவ்வாய், மதியம் 1:10

நன்றி ரோந்து. பத்திரிகைக்காரி அம்மா, அந்த மூன்று சிவப்பு ஃபைலையும் இன்ஸ்டால் பண்ணாமல், ஃபைண்டரில் அவற்றின் அளவையும் பெயரையும் மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.


பத்திரிகைக்காரி · செவ்வாய், மதியம் 2:30

முதல் ஃபைல் 0 கேபி சார். ரெண்டாவது 187 கேபி, நோட்டோ சான்ஸ் தமிழ்னு பேர் இருக்கு. மூணாவது 52 கேபி, பழைய டாம் ஃபான்ட், எங்க பத்திரிகைல 'திருமண அழைப்பிதழ்'னு தலைப்புக்கு எப்பவும் போடுறது.


எழுத்தாணி · செவ்வாய், மதியம் 2:55

முதலாவது வெறும் பெயர்தான். காப்பி ஆகும்போது பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள். அழித்துவிடுங்கள்.

இரண்டாவது ஃபான்டே இல்லை என்று நினைக்கிறேன். அதன் மேல் வலது கிளிக் செய்து டெக்ஸ்ட்எடிட்டில் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே எச்டிஎம்எல் என்று வந்தால் யாரோ இணையத்தில் ஃபான்டுக்குப் பதிலாக அந்தப் பக்கத்தையே 'லிங்கைச் சேமி' கொடுத்து, பெயரில் மட்டும் டிடிஎஃப் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிஜமான ஃபான்டாக இருந்தால் புரியாத குறிகளாக நிரம்பி வழியும். எப்படியும் நோட்டோ இலவசம்தானே, கூகுள் ஃபான்ட்ஸில் டவுன்லோட் பட்டனை அமுக்கிப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உண்மையிலேயே அடிபட்ட ஃபைல். முதலாளியின் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதா? அதிலிருந்து மறுபடி நிதானமாகக் காப்பி செய்து பாருங்கள்.


தெப்பக்குளம் · செவ்வாய், மதியம் 3:20

எல்லாரும் மேக்காரங்களுக்கே பதில் சொல்றீங்க. நம்மளை தெப்பத்துல விட்டுட்டீங்களேப்பா.


நள்ளிரவுரோந்து · செவ்வாய், மாலை 5:45

தெப்பக்குளம், ஒரு கேள்வி. கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு ஃபயர்வால் சர்வீஸை நிறுத்தி வச்சிருக்கீங்களா? ஃபயர்வாலை ஆஃப் பண்றது வேற. சர்வீசஸ் லிஸ்ட்ல போய் அந்த 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்' சர்வீஸையே டிசேபிள் பண்றது வேற.


தெப்பக்குளம் · செவ்வாய், மாலை 6:02

ஆமா, யூடியூப்ல 'உங்க கம்ப்யூட்டர் ராக்கெட் மாதிரி ஓட பத்து வழி'ன்னு ஒருத்தர் சொன்னாரு, நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்கும் ஃபான்டுக்கும் என்னங்க சம்பந்தம்? வாசல் கேட்டைப் பூட்டினா அடுப்பு எரியாதுங்கிற மாதிரி இருக்கு.


நள்ளிரவுரோந்து · செவ்வாய், மாலை 6:15

சம்பந்தம் இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த சர்வீஸ் நின்னு போயிருந்தா விண்டோஸ்ல ஃபான்ட் இன்ஸ்டால் ஆகாது, காரணத்தைச் சொல்லாம 'சரியான ஃபான்ட் இல்லை'ன்னு பொய் சொல்லும். சர்வீஸை ஆட்டோமேட்டிக்ல வச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாருங்க. அப்படியே, போடும்போது வலது கிளிக்ல 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' குடுங்க. 2018 கடைசில வந்த 1809 அப்டேட்ல இருந்து, சும்மா இன்ஸ்டால்னு குடுத்தா உங்க யூசருக்கு மட்டும்தான் போகுது. சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டர்க்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ்ல போய் உக்காராது. பழைய சாஃப்ட்வேர் சிலது அந்த யூசர் ஃபோல்டரைப் பாக்கவே பாக்காது.


பென்குயின்பாண்டி · செவ்வாய், இரவு 8:00

லினக்ஸ்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டு எஃப்சி-கேஷ்ங்கிற கமாண்டை ஓட்டினா முடிஞ்சது. தமிழுக்கு எந்த எழுத்து குறையுதுன்னு எஃப்சி-வேலிடேட் எண்ணிக்கையோட சொல்லும். சும்மா சொல்லி வைக்கிறேன்.


ஒத்தையடிப்பாதை · செவ்வாய், இரவு 8:12

வந்துட்டாருய்யா.


பத்திரிகைக்காரி · புதன், காலை 9:20

ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்தேன். விவரம் எழுதுறேன், நாளைக்கு வேற யாருக்காவது உதவும்.

கொழுக்கட்டை சோதனைல 212ல 47தான் யூனிகோடு. மிச்சத்தைத் தனி ஃபோல்டர்ல ஒதுக்கிட்டேன், பழைய ஃபைல் திறக்க மட்டும். டூப்ளிகேட் 14ல, எழுத்தாணி சார் சொன்ன மாதிரியே, 9 பொது ஃபோல்டர்ல ஏற்கெனவே இருந்தது. நான் போட்டது 1.0, அங்க இருந்தது 2.0. ஃபான்ட் புக்ல தானா தீர்க்கச் சொல்ற பட்டன் இருக்குல்ல, அதை அமுக்கல, கையாலயே ஒவ்வொண்ணா என்னோடதை நீக்கினேன். இன்டிசைனை மூடித் திறந்தா வாட்ஸ்அப் ஸ்ரீ பளிச்சுன்னு வந்துருச்சு!

மிச்சம் 5 டூப்ளிகேட் வேற மாதிரி. ரெகுலர்னு ஒரு ஃபைல், போல்டுன்னு ஒரு ஃபைல், ரெண்டும் பென்டிரைவ்ல இருந்தே வந்தது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு டூப்ளிகேட்னு சொல்லுது. போல்டு ஆகாத ஃபான்ட் இந்த அஞ்சுலதான் இருக்கு.


எழுத்தாணி · புதன், காலை 10:10

தானியங்கிப் பட்டனைத் தொடாதது புத்திசாலித்தனம். அது எந்தப் பதிப்பை வைத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

ஐந்தின் கதை: செய்தவர் ரெகுலர் ஃபைலைக் காப்பி எடுத்து, வடிவங்களைத் தடிமனாக்கி, ஃபைல் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். உள்ளே 6ஆம் எண் பெயர் அப்படியே ரெகுலர். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் யாரைக் கூப்பிட்டாலும் மூத்தவன்தான் வருவான். இதைச் சரி செய்யலாம். ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து பெயரை மாற்றி மறுபடி ஜெனரேட் செய்யச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அது ஃபைல் முழுவதையும் திரும்ப எழுதும். கொம்பு, கால் சேரும் விதிகளில் கை வைத்துவிட்டால் கொழுக்கட்டை உதிர்ந்துவிடும். ஃபான்ட்டூல்ஸ் என்ற கருவியில் டிடிஎக்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் நேம் பெட்டியை மட்டும் வெளியே எடுத்து, 2, 4, 6 மூன்றையும் திருத்தி, மீண்டும் அதே ஃபைலில் ஒட்டலாம். மற்ற பெட்டி எதுவும் அசையாது.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஃபான்ட்களின் உரிமம் என்ன?


ஒத்தையடிப்பாதை · புதன், காலை 10:25

ஆரம்பிச்சுட்டாரு. சிவகாசில எந்த பிரஸ்ல சார் உரிமம் கேட்டு ஃபான்ட் போடுறாங்க? ஆளுக்கு ஒரு சிடி, சிடிக்கு முன்னூறு ஃபான்ட். நூறு பத்திரிகை அடிக்கிறவன் ஃபான்டுக்குப் பணம் கட்டினா பேப்பருக்கு என்ன கட்டுவான்?


எழுத்தாணி · புதன், காலை 10:50

பேப்பருக்குக் கட்டுகிறீர்கள், மைக்குக் கட்டுகிறீர்கள், பிளேட்டுக்குக் கட்டுகிறீர்கள். எழுத்துக்கு மட்டும் ஏன் கட்டக் கூடாது? ஒரு தமிழ் எழுத்துருவுக்கு ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறேன் நான். சரி, அது இந்த இழைக்கு வெளியே. சட்டம் ஒருபுறம், வேலைக்கு நேராகத் தொடர்பு உள்ளது ஒன்று உண்டு. ஃபான்டை வேறு ஃபைலுக்குள் பதிக்கலாமா என்பதற்கு ஃபான்டுக்குள்ளேயே ஓர் அனுமதி எண் இருக்கிறது. 0 என்றால் தாராளம். 4 என்றால் பார்க்கவும் அச்சடிக்கவும் பிடிஎஃப்பில் வைக்கலாம். 8 என்றால் திருத்தவும் செய்யலாம். 2 என்றால் பதிக்கவே கூடாது. 2 போட்ட ஃபான்டை இன்டிசைன் பிடிஎஃப்புக்குள் வைக்க மறுக்கும். பிளேட் எடுக்கிற இடத்தில் ஃபான்ட் இல்லை என்று வந்து நிற்கும். அதற்கு எந்த மஞ்சள் முக்கோணமும் முன்கூட்டிச் சொல்லாது.

திறந்த எழுத்துரு உரிமம் உள்ளவை என்றால் கவலையே இல்லை. நோட்டோ, முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, காட்டமரான் எல்லாம் அப்படித்தான். திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம். பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் திருத்தியதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும், அவ்வளவே. அந்த நிபந்தனையும் இதே டூப்ளிகேட் தலைவலியைத் தவிர்க்கத்தான் உதவுகிறது.


மட்டுறுத்துநர் · புதன், காலை 11:00

உரிமச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நடத்துங்கள். இங்கே வியாழக்கிழமை பிளேட் போக வேண்டியிருக்கிறது.


முற்றத்துவேம்பு · புதன், மதியம் 12:30

அக்கா, பிளேட்டுக்கு அனுப்பேக்க ஃபைலை மட்டும் அனுப்பாதேங்கோ. இன்டிசைனில பேக்கேஜ் குடுத்தா எழுத்துருவெல்லாம் ஒரு ஃபோல்டரா கூடவே போகும். அங்க திறக்கேக்க முதல்ல அந்த ஃபோல்டரில இருந்துதான் எடுக்கும், அவையின்ர கணினியில என்ன பதிப்பு கிடந்தாலும் பிரச்சினை இல்லை. இன்னொண்டு, பந்தி அமைப்பில வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தெரிவு செய்தீங்களோ? இல்லாட்டி எழுத்துரு எவ்வளவு நல்லதெண்டாலும் கொம்பு தப்பின பக்கம் நிக்கும்.


பத்திரிகைக்காரி · புதன், மதியம் 1:05

கம்போசர் முதல் நாளே மாத்திட்டேன் தம்பி, அது தெரியாம ஒரு வாரம் அழுத கதை தனி. பேக்கேஜ் விஷயம் தெரியாது, நன்றி.

உரிமம் பத்தி: அந்த அஞ்சு ஃபான்டும் யார் பண்ணினதுன்னே தெரியல சார், உள்ள எந்தத் தகவலும் இல்ல. அதனால திருத்த வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். தூக்கிட்டு முக்த மலர் போட்டுட்டேன். அதுல நிஜமாவே தனித்தனி போல்டு, எக்ஸ்ட்ரா போல்டு எல்லாம் இருக்கு. ஃபான்ட் புக்ல ஒரு முக்கோணம் கூட இல்ல.

டாம் ஃபான்ட் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சிவப்பு போய் மஞ்சள், கெர்ன் மட்டும். நோட்டோ ஃபைல் நீங்க சொன்ன மாதிரியே வெப் பேஜ்தான், முதல் வரிலயே தெரிஞ்சது.


தெப்பக்குளம் · புதன், மாலை 4:40

ரோந்து அண்ணே, ஃபயர்வால் சர்வீஸை ஸ்டார்ட் பண்ணினேன். அடுத்த செகண்ட் ஃபான்ட் இன்ஸ்டால் ஆச்சு. வெளிய சொன்னா சிரிப்பாங்க. இப்ப அடுத்த கேள்வி: வேர்டுல தமிழை செலக்ட் பண்ணி ஹிந்த் மதுரைன்னு குடுத்தா பேர் மாறுது, எழுத்து விண்டோஸோட லதா ஃபான்ட்லயே நிக்குது. பென்டிரைவ்ல ஒவ்வொரு ஃபான்டுக்கும் முன்னால புள்ளி, அடிக்கோடு போட்டு 4 கேபில இன்னொரு ஃபைல் இருக்கு, அதைப் போட்டாலும் 'சரியான ஃபான்ட் இல்லை'ங்குது.


எழுத்தாணி · புதன், மாலை 5:30

புள்ளி அடிக்கோடு ஃபைல்கள் ஃபான்ட் இல்லை. அந்தப் பென்டிரைவை யாரோ மேக்கில் செருகியிருக்கிறார்கள். மேக் தன் சொந்தக் குறிப்புகளை அப்படி எழுதி வைக்கும். கண்டுகொள்ளாதீர்கள்.

வேர்டில், ஃபான்ட் பெட்டியை முழுதாகத் திறந்தால் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாக ஒரு இடம் இருக்கும். வேர்டு தமிழை அந்தக் கணக்கில்தான் வைக்கிறது. மேலே நீங்கள் மாற்றியது ஆங்கில எழுத்துக்கு. கீழே உள்ள இடத்திலும் ஹிந்த் மதுரை என்று கொடுங்கள். அந்த இடமே தெரியவில்லை என்றால், ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள்.


தெப்பக்குளம் · புதன், மாலை 5:58

ஆயிருச்சு!


பத்திரிகைக்காரி · வெள்ளி, காலை 10:15

பேக்கேஜ், பிடிஎஃப் ரெண்டும் நேத்து அனுப்பி, பிளேட் வந்து, 500 பத்திரிகை அடிச்சாச்சு. ஸ்ரீ ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி, போல்டு போல்டாவே. எழுத்தாணி சார், வேம்பு தம்பி, ரோந்து எல்லாருக்கும் நன்றி. ஒத்தையடிப்பாதை அண்ணனுக்கும்தான்.

ஒரே ஒரு விஷயம். அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கும் இங்கயே அடிக்கிறதா சொல்லிட்டு, மாப்பிள்ளையோட அப்பா பத்திரிகையைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா முதல்ல ஒரு மாதிரி காட்டினீங்களே, அந்தப் பழைய எழுத்து இன்னும் லட்சணமா இருந்துச்சு, தங்கச்சிக்கு அதையே போட்டுருங்க"ன்னார்.

அவர் சொல்றது அந்த அஞ்சுல ஒண்ணு சார்.